பிரிக்கலாம் என்று சொன்னவர்

ராஜகுமாரி என்று பெயர் வைத்த அப்பாவோடு சண்டை போட அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. கொடைக்கானல் மேல்மலைப் போளூரில் பூண்டுக் காட்டில் புரளுகிற பிள்ளைக்கு இது என்ன பேர் என்று பள்ளிக்கூடம் முழுக்கக் கேலி. வீட்டுக்கு வந்து கேட்கலாம் என்றால் அவர் இல்லை. அவள் இரண்டாம் வகுப்பு படிக்கும்போதே கந்தவேல் போய்ச் சேர்ந்துவிட்டார்.

காட்டில் சோலி இல்லாத மாதங்களில் அவர் கொடைக்கானலுக்கு சென்ட்ரிங் வேலைக்குப் போவார். கான்கிரீட் தளம் இறுகும்வரை அதன் அடியில் பலகை அடித்து, முட்டுக் கொடுத்து நிறுத்துவார்கள். இறுகியதும் முட்டுகளைத் தட்டிப் பிரித்துவிடுவார்கள். அப்படிப் பிரிக்கும்போது ஒரு லாட்ஜ் தளம் அவர்மேல் இறங்கிவிட்டது. உடலை ஜீப்பில் கொண்டுவந்தவர்களிடம் அவள் அம்மா முருகம்மாள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

“யாருய்யா பிரிக்கச் சொன்னது?”

வந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அந்தக் கேள்விக்கு இன்றுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

பிறகு அரசாங்கத் திட்டத்தில் அவர்களுக்குக் கான்கிரீட் வீடு வந்தது. முருகம்மாள் அதற்குள் கால் வைக்க மாட்டேன் என்றுவிட்டாள். பழைய தகரக் கொட்டகையிலேயே சமையல், படுக்கை எல்லாம். புது வீட்டில் பூண்டைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். அதை எடுக்கவும் வைக்கவும் ராஜகுமாரிதான் உள்ளே போக வேண்டும். ‘பூண்டுக்கு மாளிகை, பொம்பளைக்குக் கொட்டகை’ என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் வீட்டில் யாரும் தளத்துக்கு அடியில் சாகவில்லை, அவர்களுக்கென்ன.

மகளைப் பிடித்தது வேறொன்று. எந்தக் கான்கிரீட் கூரைக்கு அடியில் போனாலும் அவளுக்கு ஒரு சத்தம் கேட்கும். முட்டின் அடியில் சுத்தியல் விழுகிற சத்தம், ‘டொக்’ என்று. தேர்வு எழுதும் கூடத்தில், பஸ் ஸ்டாண்டில், ஹாஸ்டலில் எல்லாம் கேட்டிருக்கிறது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவளுக்குக் கண் நன்றாகத்தான் இருந்தது, காதுதான் அரண்டு கிடந்தது.

அவள் சிவில் படித்தாள். அதற்கு மேல் கோயம்புத்தூரில் கட்டுமான மேலாண்மையில் முதுகலை சேர்ந்தாள். மலையிலிருந்து வந்த பெண்ணுக்கு எவ்வளவு வைராக்கியம் என்று பேராசிரியர்கள் மெச்சினார்கள். உள்ளதைச் சொன்னால் அவள் ஓர் ஆளைத் தேடிக்கொண்டிருந்தாள். எந்த வேலை முடிந்து எது தொடங்க வேண்டும், யார் சொல்லி யார் செய்ய வேண்டும் என்பதுதான் அந்தப் படிப்பே. வகுப்பில் ‘முடிவெடுப்பவர்’ என்ற சொல் வரும்போதெல்லாம் அவளுக்குத் தொந்தியும் தங்க மோதிரமுமாக ஒருவன் தெரிவான். அவன்தான் அன்றைக்குப் பிரிக்கச் சொன்னவன். அவனைக் கண்டுபிடித்து என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியாது. ஆனால் அவன் முகத்தில் காறித் துப்புவதாக நினைத்துக்கொண்டு பல நாள் தூங்கியிருக்கிறாள்.

கடைசி வருடம் ஆறு மாதம் ஏதாவது ஒரு கம்பெனியில் இருந்து வேலை கற்றாக வேண்டும். கூடப் படித்தவர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் பறந்தார்கள். இவள் கொடைக்கானலைக் கேட்டு வாங்கினாள். வில்பட்டி சாலைக்குக் கீழே சரிவில் ஒரு ஹோட்டல் எழும்பிக்கொண்டிருந்தது. மேனேஜர் மனோஜ்குமார் கோயம்புத்தூர்க்காரர், காதிலிருந்து போனை எடுக்கவே மாட்டார். மே மாத சீசனுக்குள் ஹோட்டலைத் திறந்துவிட வேண்டும் என்பது அவருடைய வேதம். சூப்பர்வைசர் திருமலைச்சாமி ஐம்பதைத் தாண்டியவர், வாய் கொஞ்சம் நீளம். அவள் பெயரைக் கேட்ட அன்றைக்கே, “ராசகுமாரியா? அப்ப அரமனை கட்டத் தெரியும்னு சொல்லு தாயி” என்றார். நன்றாகச் செய்தால் வேலையும் இங்கேயே போட்டுத்தருவதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

மார்கழியில் முதல் தளத்துக்குக் கான்கிரீட் போட்டார்கள். கொடைக்கானல் மார்கழிக் குளிரில் மனிதனுக்கே விரல் மடங்காது, சிமென்டுக்கு மட்டும் மடங்குமா? இறுகுவதற்குச் சோம்பல்படும். அதனால் தளத்துக்குப் போட்ட அதே கலவையில் சின்னக் கட்டிகளாகக் கியூப் வார்த்து, ஒரு டிரம் தண்ணீரில் போட்டு, டிரம்மைத் தளத்தின் பக்கத்திலேயே வெட்டவெளியில் வைத்தாள் ராஜகுமாரி. தளம் படுகிற குளிரைக் கியூபும் பட வேண்டும். பிறகு அதை லேபில் உடைத்துப் பார்த்தால் தளம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று தெரிந்துவிடும். அதை வைத்துத்தான் முட்டுப் பிரிப்பது.

அந்த நேரம் பார்த்துக் கல்லூரியில் ரிவியூ வந்தது. போகும்போது சைட்டிலேயே குடியிருந்த ஒய்யம்மாளிடம் டிரம்மை ஒப்படைத்தாள். ஒய்யம்மாளும் அவள் புருஷன் ஒச்சனும் கீழ்மலையிலிருந்து வந்தவர்கள். அவர் சென்ட்ரிங் வேலை பார்த்தார், அவள் ஆட்களுக்குச் சோறு பொங்கினாள்.

“அக்கா, இதப் பத்திரமா பாத்துக்கங்க. இந்தக் கட்டடத்தோட உசுரே இதுலதான் இருக்கு” என்றாள் ராஜகுமாரி.

“நீ போயிட்டு வா பாப்பா. எம்புள்ளை மாதிரி பாத்துக்கிறேன்” என்றாள் ஒய்யம்மாள்.

அவள் திரும்பி வந்தபோது கியூபுகளில் பாதி லேபுக்குப் போயிருந்தன. முடிவு வந்தது. நினைத்ததைவிட நல்ல பலம். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். “பாத்தியா, நாமதான் தேவையில்லாம பயப்படுறோம். பிரிச்சிரலாம்ல?” என்றார். லேப் தாளில் குறை ஒன்றும் இல்லை. அவள் அட்டவணையை எடுத்து அடுத்த நாள் காலையில் ‘முட்டுப் பிரித்தல்’ என்று போட்டு, கீழே தன் பெயரை எழுதினாள். எழுதும்போது ‘டொக்’ என்று கேட்டது. அது எப்போதும் கேட்பதுதானே என்று இருந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் மலை முழுக்க மூடுபனி. பாதையிலிருந்து இறங்கும்போது தளத்தின் விளிம்பில் ஓர் ஆள் நிற்பது தெரிந்தது. கை இரண்டையும் விரித்துக்கொண்டு, தலையைத் தொங்கவிட்டு நின்றான். “அப்பா” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். கிட்டே போனால், கண்ணுபடாமல் இருக்கக் கட்டுகிற வைக்கோல் பொம்மை. தலைக்குச் சட்டி, உடம்புக்கு ஒச்சனின் பழைய சட்டை. சிமென்டுக் கறையோடு அந்தச் சட்டையைப் பார்த்த பிறகு அவளுக்கு நேரே வேலைக்குப் போக மனம் வரவில்லை.

சூடாக எதையாவது குடித்தால் சரியாகும் என்று சமையல் கொட்டகைக்குள் நுழைந்தாள். அதுவரை அவள் அங்கே போனதில்லை, ஆபீஸ் அறைக்கே டீ வந்துவிடும். ஒய்யம்மாள் டம்ளரை நீட்டினாள். அடுப்பை ஒட்டி ஒரு டிரம் இருந்தது. சாய்வதற்கு அதன் விளிம்பில் கை வைத்தவள் கையை எடுக்கவில்லை. டிரம் வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தாள். மிச்சக் கியூபுகள்.

“இது எப்பக்கா இங்க வந்துச்சு?”

“நீ போன மறுநாளே தூக்கியாந்துட்டோம் பாப்பா. விடிஞ்சு பாத்தா தண்ணி மேல கண்ணாடி கணக்கா ஐஸ் கட்டிக் கெடக்கு. உசுரு அதுலதான் இருக்குன்னு சொன்னியே, அத வெளிய போட்டுட்டு நாங்க மட்டும் அடுப்போரமா படுக்க முடியுமா? வெந்நி போட்டா அதுக்கும் ஒரு சொம்பு ஊத்திருவேன்.”

லேபுக்குப் போன கியூபுகள் அடுப்போரம் வளர்ந்த பிள்ளைகள். தளம் வெளியே பனியில் கிடந்தது. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. டம்ளர் கீழே விழுந்தது. அவள் ஓடும்போதே முட்டில் சுத்தியல் விழுந்தது. இந்த முறை அது அவள் காதுக்குள் கேட்கவில்லை. வெளியே நிஜமாகவே கேட்டது.

“அண்ணே, நிறுத்துங்க! ஒச்சண்ணே, வெளிய வாங்க! கையில இருக்கிறத அப்பிடியே போட்டுட்டு வாங்க!”

ஒச்சன் ஒரு முட்டுக்கம்பைச் சாய்த்திருந்தார். ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார். அவர் வந்த பிறகு தளம் லேசாக முனகியது. பெரிய சத்தம் இல்லை, கட்டிலில் ஆள் புரண்டு படுத்த மாதிரி. முட்டு எடுத்த இடத்துக்கு மேலே மயிரிழை போல ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. சாய்ந்த முட்டுக்கம்பைத் திருமலைச்சாமியே உள்ளே போய்த் திரும்ப நிறுத்தி ஆப்பு அடித்துவிட்டு வந்து, தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார்.

நடந்ததைச் சொன்னதும் மேனேஜர் கேட்ட முதல் கேள்வி, “டிரம்ம எடுத்தது யாரு?”

ஒய்யம்மாள் கொட்டகை வாசலில் நின்றாள். முந்தானையை வாயில் பொத்தியிருந்தாள், தான் என்ன செய்துவிட்டோம் என்று அதற்குள் அவளுக்குப் புரிந்திருந்தது. ராஜகுமாரி அவளைப் பார்க்காமல் சொன்னாள். “எங்க இருந்ததுன்னு பாக்காம எழுதுனது நான் சார். பிரிக்கச் சொன்னதும் நான்தான்.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கு உறைத்தது. பதினைந்து வருடத்துக்கு மேலாகத் தேடின ஆள் கிடைத்துவிட்டான். அவனுக்குத் தொந்தி இல்லை, தங்க மோதிரம் இல்லை. ஒரு நல்ல தாளை நம்பி, குளிருக்கு ஒரு டீ குடிக்கப் போயிருப்பான். அவ்வளவுதான். அவள் கொட்டகையில் அந்த டிரம்மைத் தொடாமல் இருந்திருந்தால் ஒய்யம்மாள் வீட்டுக்கும் ஒரு ஜீப் போயிருக்கும். ஒய்யம்மாள் கேட்டிருப்பாள். இவள் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். அன்றைக்கு அழுத மாதிரி அவள் அப்பா செத்ததற்குக்கூட அழுததில்லை.

சீசனுக்குள் ஹோட்டலைத் திறக்க முடியாது என்று ஆகிவிட்டது. வேலை விஷயம் அப்புறம் பேசலாம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார், அந்த ‘அப்புறம்’ வரப்போவதில்லை என்று அவளுக்குத் தெரியும். தளத்தை நிபுணர்களை வைத்துச் சோதித்தார்கள், வெடிப்பைச் சரிசெய்தார்கள். டிரம் வெட்டவெளிக்குத் திரும்பியது. பனி கட்டினால் ஒய்யம்மாள் தூரத்திலிருந்து பார்த்துப் பெருமூச்சு விடுவாள், கிட்டே போகமாட்டாள்.

மாசியில் நல்ல வெயில் கண்ட பிறகு மறுபடியும் பிரிக்கிற நாள் வந்தது. தாளைப் பார்த்தாள், டிரம்மைத் தொட்டுப் பார்த்தாள், தளத்தைத் தட்டிப் பார்த்தாள். எல்லாம் சரி. ஆனாலும் பிரிக்கச் சொல்ல வாய் வரவில்லை.

“சொல்லு தாயி. நீ சொன்னாத்தான் கை வைப்பேங்கிறான் ஒச்சன்” என்றார் திருமலைச்சாமி.

அவள் ஹெல்மெட்டை இறுக்கிக்கொண்டு தளத்துக்கு அடியில் போய் ஒச்சன் பக்கத்தில் நின்றாள். புத்தகப்படி அது தப்பு. வேலையில்லாத ஆள் அங்கே நிற்கவே கூடாது, தேர்வில் அவளே அப்படி எழுதி மார்க் வாங்கியிருக்கிறாள். உள்ளே நின்றுகொண்டு சொன்னாள்.

“பிரிக்கலாம்ணே.”

டொக். ஒவ்வொரு முட்டாக விழுந்தது. தளம் அசையவில்லை.

அந்த வாரம் போளூருக்குப் போனாள். முருகம்மாள் கொட்டகை வாசலில் பூண்டு தாள் அறுத்துக்கொண்டிருந்தாள். ராஜகுமாரி பக்கத்தில் உட்கார்ந்து டிரம், பொம்மை, வெடிப்பு எல்லாவற்றையும் சொன்னாள், தளத்துக்கு அடியில் நின்றதை மட்டும் சொல்லவில்லை. அம்மாவின் கை நிற்காமல் அறுத்துக்கொண்டே இருந்தது.

“யாரு பிரிக்கச் சொன்னதுன்னு கேட்டியேம்மா. என்னை மாதிரி ஒருத்தராத்தான் இருக்கும்.”

அரிவாள் நின்றது. முருகம்மாள் மகள் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

“அன்னைக்குச் சொன்னவன் உள்ள நின்னானா?”

“தெரியலம்மா.”

“நீ?”

“நின்னேன்.”

பளீரென்று ஓர் அறை விழுந்தது. பூண்டு வாடையோடு கன்னம் எரிந்தது. “ஒரு ஆளக் குடுத்தது பத்தாதாடி? அந்தக் கல்லுக்கு இன்னொண்ணு வேணுமா?” என்று கத்திய முருகம்மாள் மகளின் தலையைப் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள். கந்தவேலை ஜீப்பிலிருந்து இறக்கிய அன்றைக்கு அழாத அழுகையை இப்போது அழுதாள். பக்கத்துக் காட்டில் வேலை செய்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டு, அரிவாளைக் கையில் எடுத்தாள்.

“மேல்தளம் இன்னும் இருக்கா?”

“இருக்கும்மா. அடுத்த மாசம் பிரிக்கணும்.”

“அன்னைக்கு வெள்ளனே போனப் போடு. மொத பஸ்ஸுக்கு வந்துர்றேன்.”

“எதுக்கும்மா?”

“நீ உள்ள நிப்ப. நீ சொன்னாக் கேக்குற ஆளா? அதான் நானும் வந்து கூட நிக்கிறேன்” என்றாள் முருகம்மாள். பிறகு அறுத்த பூண்டை மடியில் அள்ளிக்கொண்டு எழுந்து, மகளைக் கூப்பிடாமல், தானே கான்கிரீட் வீட்டுப் பக்கம் நடந்தாள்.