பிக்கிளிங் செக்‌ஷன் நாக்கு

போன ஞாயிற்றுக்கிழமை நாகரத்தினம் அண்ணன் தன் மகள் நித்யாவோடு எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். அவர் இருப்பது வியாசர்பாடி, நான் எம்.கே.பி. நகர். கூப்பிடு தூரம்தான். நித்யா நெதர்லாந்தில் ஒரு துறைமுகத்தில் வேலை பார்க்கிறாள். லீவு முடிந்து கிளம்பப்போகிறவள், "அப்பா கம்பெனிக்குப் போடுவியே, அதே மாதிரி எலுமிச்சங்கா ஊறுகா போடும்மா" என்று அவள் அம்மாவை நச்சரித்திருக்கிறாள். போட்டதில் ஒரு பாட்டில் எனக்கு. மூடியைத் திறந்ததுதான் தாமதம், வெந்தயமும் பெருங்காயமும் மிளகாயும் சேர்ந்து கூடத்தில் இருந்தவர்களை எல்லாம் ஒரு சுற்று இருமவைத்துவிட்டது. எனக்கு அந்த இருமலிலேயே திருவொற்றியூர் ஞாபகம் வந்துவிட்டது.

"அத்த, பிக்கிள்ன்ற வார்த்தையே நான் இருக்கிற ஊர்லேர்ந்து வந்ததுதான், தெரியுமா? அங்க உப்புத்தண்ணிக்கு பேக்கல்னு பேரு. அதுதான் இங்கிலீஷ்ல பிக்கிள் ஆச்சாம்" என்றாள் நித்யா.

"உப்புத்தண்ணிக்கு அவ்ளோ தூரம் போவணுமா? நம்ம வூட்டுக் கொயாயத் தொறந்தாலே அதான வருது" என்றார் அவள் அப்பா.

எனக்கு அந்தச் சேதி பிடித்திருந்தது. அவர்கள் தண்ணீரைப் பார்த்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் தண்ணீரை விட்டுவிட்டு, அதற்குள் கிடந்து ஊறுகிற காயைப் பார்த்து ஊறுகாய் என்று வைத்தோம். எங்கள் இஸ்மாயில் பாய் இருந்திருந்தால் சும்மா இருந்திருக்க மாட்டார். அவருக்கு எப்போதும் அது அச்சார்தான். பாரசீகத்திலிருந்து வந்த வார்த்தை என்று அடித்துச் சொல்வார். யார் அவருக்குச் சொன்னார்கள் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார்.

இந்தப் பாயும் நாகரத்தினம் அண்ணனும் நானும் ஒன்றாக வேலை செய்த இடத்தின் பெயரே பிக்கிளிங் செக்‌ஷன். திருவொற்றியூரில் ஒரு இரும்புக் குழாய் கம்பெனி. எங்கள் தெருவில் பாதிப் பேர் நான் ஊறுகாய் கம்பெனிக்குப் போகிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் விட்டுவிட்டேன். விளக்கப் போனால் இன்னும் பேஜாராகிவிடும், ஏனென்றால் எங்கள் தொட்டியில் ஊறியது காய் இல்லை, குழாய். துருப்பிடித்த குழாய்களைக் கட்டாகக் கட்டி, கொதிக்கிற ஆசிட் தொட்டியில் கிரேனால் இறக்குவார்கள். கொஞ்ச நேரம் ஊறவைத்து எடுத்துத் தண்ணீரில் முக்கினால் துருவெல்லாம் போய் இரும்பு சாம்பல் நிறத்தில் வெளுத்துக் கிடக்கும். கிரேன் பாய் கையில், தொட்டி அண்ணன் பொறுப்பில். நான் லேப், அவர்கள் வாயில் லேபும்மா. தொட்டியிலிருந்து கொஞ்சம் ஆசிட்டை எடுத்துவந்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, வேகம் இருக்கிறதா குறைந்துவிட்டதா என்று சொல்ல வேண்டும். அந்த செக்‌ஷனுக்கு வந்த முதல் பெண் நான்தான். பெருமையாகச் சொல்கிறேனே தவிர, அப்போது ஒரே பயம்.

புகையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மீதி புரியாது. காலையில் உள்ளே போனதும் மூக்கைக் குத்தும். மத்தியானத்துக்குள் குத்துவது நின்றுவிடும். நல்லது என்று நினைப்பீர்கள், ஆனால் மூக்கு போகிறபோது நாக்கையும் கூட்டிக்கொண்டு போய்விடும். அங்கே நாள்பட்ட ஆட்களுக்குக் கருவாட்டுக் குழம்பும் ஒன்றுதான், ரசமும் ஒன்றுதான். தொண்டைக்கு இதம் என்று கம்பெனி தினமும் ஆளுக்கொரு துண்டு வெல்லம் கொடுக்கும். அது பிள்ளைகளுக்கென்று நேராக வீட்டுக்குப் போய்விடும். ஆண்களுக்குச் சோறு இறங்க வழி செய்தது அண்ணன் மனைவி போட்டுக் கொடுத்த அந்த ஊறுகாய்தான். வீட்டில் ஒருவரும் தொட முடியாத அளவுக்கு உப்பும் காரமும் போட்டு, செக்‌ஷனுக்கென்றே ஒரு ஜாடி. செக்‌ஷன் ஆள் என்றால் அதிலிருந்து தொட்டுக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் சட்டம்தான்.

முதல் நாள் நானும் தைரியமாகத் தொட்டு நாக்கில் வைத்தேன். காது அடைத்துவிட்டது. என் தண்ணீரையும் பாயின் தண்ணீரையும் குடித்துத் தீர்த்தேன். ஒருவராவது சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. பாய் மட்டும் தன் வெல்லத்தை என் பக்கம் நகர்த்தி, "வுடும்மா, இது உனக்கு ஆவாது" என்றார். அன்றிலிருந்து பெஞ்சின் ஓரத்தில் எனக்கென்று ஒரு துண்டு வெல்லம் தயாராக இருக்கும். எவ்வளவு அன்பு, பாருங்கள். எனக்கு அழுகையாக வந்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குத்தானே இப்படி எடுத்து வைப்பார்கள்? பெஞ்சிலும் ஓரத்தில், இலையில் ஊறுகாய் வைக்கிற இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

மேனேஜருக்கும் அதே எண்ணம்தான். "பொம்பளப் புள்ளைக்கு இந்தப் புகையெல்லாம் சரிப்படாது, ஆபீஸ்ல உட்கார்ந்து டைப் அடிக்கட்டும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. கெமிஸ்ட்ரிதான் படிப்பேன் என்று வீட்டில் சோறு தண்ணி இல்லாமல் கிடந்து படித்தவள் நான். யாரோ செய்த சோதனையை டைப் அடிப்பதற்கா?

கடைசியில் ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் வந்தேவிட்டார். "அடுத்த வாரத்துலேர்ந்து நீ ஆபீஸ்ல உட்கார்ந்துக்கம்மா" என்றார். என் கை பாட்டுக்குச் சோற்றைப் பிசைந்தது, பக்கத்தில் இருந்த ஜாடியிலிருந்து ஒரு துண்டை எடுத்தது, வாயில் போட்டது. மென்று விழுங்கிவிட்டு, மேனேஜர் நிற்பதையே மறந்து, "அண்ணே, இன்னிக்கி இன்னா, உப்பே இல்ல?" என்று கேட்டேன்.

அண்ணன் ஒரு துண்டை எடுத்து மென்று பார்த்தார். "உப்பு கீது. எப்பவும் போலதான் கீது" என்று என்னையே பார்த்தார். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு சிரிப்பு, கிரேன் சத்தத்தை அமுக்கிவிட்டது.

"சார், இது இனிமே ஆபீஸ் சோறு துன்னாது சார். நாக்கு பூட்ச்சு. நம்மாளாய்ட்ச்சு" என்றார் அண்ணன்.

"அப்படி என்னய்யா பெரிய ஊறுகாய்" என்று மேனேஜர் ஒரு துண்டை வாயில் போட்டார். போட்டவர் கண்ணைத் திறக்கவில்லை. இருமி, தும்மி, கர்ச்சீப்பைத் தேடி, தண்ணீர் ஜாடியைக் கவிழ்த்துவிட்டார். பாய் எனக்காக வைத்திருந்த வெல்லத்தை மரியாதையாக அவரிடம் நீட்டினார். "சாப்புடுங்க சாப். விருந்தாளிங்களுக்குன்னு வெச்சது."

ஆபீஸ் பேச்சை மேனேஜர் அப்புறம் எடுக்கவேயில்லை. மறுநாளிலிருந்து பெஞ்சில் எனக்கு வெல்லமும் இல்லை. என் பங்கை நானே வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். ரசத்தில் உப்பில்லை என்று நான் சொல்லப்போக, "கை நிறைய அள்ளிப் போட்டிருக்கேன்டி, உனக்கு என்ன ஆச்சு?" என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். நாக்கு செத்துப்போனதற்குச் சந்தோஷப்பட்டவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

கம்பெனி மூடி ரொம்ப காலமாகிறது. தொட்டி இருந்த இடத்தில் இப்போது கண்டெய்னர்களை அடுக்கி வைத்திருக்கிறார்கள். இஸ்மாயில் பாயும் போய்ச் சேர்ந்துவிட்டார். கம்பெனி மூடிக் கொஞ்ச காலத்தில் நாக்கு எல்லோருக்கும் தானாகத் திரும்பி வந்துவிட்டது. குழம்பில் உப்பு கரிக்கிறது என்று அண்ணன் வீட்டில் தினமும் சண்டை. அப்புறம் அவருக்கு பி.பி. வந்து, ஜாடியும் பரணுக்குப் போனது. அதற்குப் பிறகு போன ஞாயிற்றுக்கிழமைதான் நாங்கள் இருவரும் அந்த ஊறுகாயைத் தொட்டோம்.

"ஒரு துண்டுதான், உங்க அம்மாகிட்ட சொல்லாத" என்று மகளிடம் சொல்லிவிட்டு அண்ணன் வாயில் போட்டார். நானும் போட்டேன். காது அடைத்துவிட்டது. அண்ணன் கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது, சொம்பைத் தேடி மேசையைத் தடவுகிறார்.

"இன்னா லேபும்மா," என்றார் மூச்சு வந்ததும், "இதையா நம்ம தெனம் துன்னுகினு இருந்தோம்?"

நித்யாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சர்க்கரை எடுத்துவருகிறேன் என்று எழுந்து ஓடினாள். சர்க்கரை கண்ணில் படவில்லை போல. டப்பாவில் இருந்ததை உடைத்துக்கொண்டுவந்து, எனக்கொரு துண்டு, அவள் அப்பாவுக்கொரு துண்டு என்று எங்கள் முன்னால் வைத்தாள். வெல்லம்.

அண்ணன் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். நானும்தான்.