ஜீவனஹள்ளியில் அக்கா கட்டிய கார்

எங்கள் அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்குவோரில் சிலருக்கு அவர் உறவு. பலருக்கு அவர் ‘கார்க்கார அக்கா’. உடன்பிறந்த தங்கை என்ற முறையில் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன். அக்காவைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே எனக்கு அழுகைக்கு முன்னால் முதுகு நிமிர்ந்துவிடுகிறது. எழுத்திலும் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா பிறந்தது மர்பி டவுனில். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக் கார் சீட் தைக்கும் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் கடையில் அவர் ஒருவர்தான் பெண். என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியது அவருடைய சம்பளம். திருமணத்துக்குப் பிறகு ஜீவனஹள்ளியில் குடியேறி, காக்ஸ் டவுன் பக்கத்தில் சொந்தமாகக் கடை வைத்தார். மாமா நகரப் பேருந்து ஓட்டுநர். அக்காவுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். இருவருக்கும் குழந்தை இல்லை. அந்த வருத்தத்தை அக்கா யாரிடமும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை.

தொண்ணூற்றொன்றாம் ஆண்டின் இறுதியில், கன்னடம் பேசும் எங்கள் நகரத்தில் தமிழர்களைக் குறிவைத்துக் காவிரிக் கலவரம் வந்தது. பட்டப்பகலில் அக்காவின் கடைக்குத் தீ வைத்தார்கள். அக்கா வீட்டுக்கு ஓடிவந்தபோது, சந்தின் திருப்பத்தில் இருக்கும் கௌரம்மாவின் கதவைத்தான் முதலில் தட்டினார். கதவு திறக்கவில்லை. இதை எழுதலாமா என்று கௌரம்மாவிடமே கேட்டேன். “பரீம்மா, எழுது. பயந்துட்டேன், அதுதானே நிஜம்” என்று கன்னடமும் தமிழும் கலந்து சொன்னார்.

கடைக்குள் தையல் இயந்திரங்களோடு சேர்ந்து ஒரு காரும் எரிந்துபோயிருந்தது. ஆங்கிலோ இந்தியப் பெரியவர் ஒருவர் புது சீட் தைக்க விட்டிருந்த கார் அது. இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய, மேல்கூரை இல்லாத பழைய வெளிநாட்டு ஸ்போர்ட்ஸ் கார். ஊர் அடங்கியதும் அக்கா அவரைத் தேடிப்போய்த் தலைகுனிந்து நின்றார்.

“நீ என்னம்மா செய்வே? நான் பசங்ககிட்ட ஆஸ்திரேலியா போறேன். அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடு” என்றாராம் அவர்.

“என்னை நம்பி விட்ட வண்டிங்க. நானே அதை எழுப்பறேன்” என்று சொல்லிவிட்டு அக்கா திரும்பிவந்தார்.

அதே வாரத்தில் திருப்பத்தூரிலிருந்து சித்தப்பா வந்தார். “கெடைச்சதை வித்துட்டு ஊருக்கே வந்துடுங்கம்மா” என்றார்.

“நான் பொறந்தது இங்க, வாக்கப்பட்டது இங்க. எந்த ஊருக்குத் திரும்பி வரச் சொல்றீங்க சித்தப்பா?”

மறுநாள் அக்கா அந்தக் கரிப்பிடித்த வண்டியைக் கழற்றி, துண்டு துண்டாகத் தள்ளுவண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்வாசல் தகரக் கொட்டகையில் இறக்கினார். மாமாவுக்கு அதில் துளியும் விருப்பமில்லை. “ஊரே பத்தி எரிஞ்சு அடங்கியிருக்கு. இப்ப உனக்கு காரு கேக்குதா?” என்று கோபப்பட்டார். ஆனாலும் தள்ளுவண்டியைப் பின்னாலிருந்து தள்ளியது அவர்தான்.

பகலில் வீட்டிலேயே சீட் தைத்துப் பிழைப்பைப் பார்த்தார் அக்கா. மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் கார். தீயில் உடம்புத் தகடுகள் நெளிந்துபோயிருந்தன. அடிச்சட்டம் மட்டும் தப்பியிருந்தது. பழைய எஞ்சினோ தூக்க முடியாத கனம். அப்போதுதான் அக்கா ஒரு முடிவுக்கு வந்தார். பழைய காரை அப்படியே திரும்பச் செய்யப்போவதில்லை. அதே அடிச்சட்டத்தின் மேல், எவ்வளவு லேசாக முடியுமோ அவ்வளவு லேசான காராகக் கட்டப்போகிறார். ஒவ்வொரு பாகத்தையும் கையில் எடுத்து, “நீ எதுக்கு?” என்று கேட்பார். சரியான பதில் இல்லாத பாகம் கொட்டகையை விட்டு வெளியே போகும். கதவுகள் அப்படித்தான் போயின. பம்பர் போனது. முன்கண்ணாடி போய், பதிலுக்கு ஒரு கை உயரத்தில் பிளாஸ்டிக் தடுப்பு வந்தது.

விபத்தில் நொறுங்கிய சின்ன வேன் ஒன்றின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் சிவாஜி நகரில் வாங்கினார். அங்கே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் பாய் மெல்லிய குழாய்களால் கூடு கட்டிக் கொடுத்தார். “இன்னும் ஹல்காவா வேணுமா? இதுக்கு மேல குறைச்சா காத்துல பறந்துடும் அக்கா!” என்று அவர் சொல்ல, “பறக்கட்டும் பாய், அதுக்குத்தானே கட்டறேன்” என்று அக்கா சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது. கலவரத்துக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

உடம்புக்கு அலுமினியத் தகடு. அதை அக்கா ஒரு தையல்காரியாகவே அணுகினார். ரவிக்கைக்கு வெட்டுவதுபோல் முதலில் காகிதத்தில் வெட்டி, குழாய்க் கூட்டின் மேல் பொருத்திப் பார்த்து, பிடிக்காத இடத்தில் பிரித்து, பிறகுதான் தகட்டில் கத்தரி வைப்பார். மூக்குப் பகுதியின் வளைவு மட்டும் வரவேயில்லை. எத்தனை தகடு வீணானது என்று மாமாதான் புலம்புவார். கடைசியில் அந்த இடத்தில் இரண்டு துண்டாக வெட்டி, நடுவில் ரிவெட் அடித்துச் சேர்த்தார். இன்றும் அந்த ரிவெட் வரிசையைத் தையல் என்றே நாங்கள் சொல்கிறோம்.

கார் முடிய வருடங்கள் ஆயின. இடையில் மாமாவுக்கு மஞ்சள் காமாலை, எனக்குத் திருமணம், அம்மாவின் மறைவு. ஒவ்வொன்றுக்கும் வேலை நின்றது. ஒவ்வொன்றுக்குப் பிறகும் அக்கா கொட்டகைக்குத் திரும்பினார். முதன்முதலாக எஞ்சின் ஓடிய நாளில் சந்து முழுக்கக் கூடிவிட்டது. காரின் பக்கவாட்டில் மாமா கையை வைத்துப் பார்த்துவிட்டு, “அட, ஓடுது!” என்றார். அவரிடமிருந்து அது பெரிய பாராட்டு.

துண்டு துண்டாக உள்ளே வந்த கார், முழுக் காராக வெளியே போகும்போது சந்தின் திருப்பத்தில் திரும்பவில்லை. கௌரம்மா வீட்டுச் சுற்றுச்சுவர் இடித்தது. அந்தக் கலவர நாளுக்குப் பிறகு அவரும் அக்காவும் பேசிக்கொண்டதேயில்லை. அக்கா காரின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றார். மாமா, “திரும்பக் கழட்டிடலாம்” என்றார். அப்போது கௌரம்மா கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

“ஏன் நிக்கறீங்க? லேசான காருன்னு இத்தனை வருஷமா சொல்றீங்கல்ல, என் செவுத்து மேல தூக்கிக்கிட்டுப் போங்க.”

“உங்க செடியெல்லாம் ஒடிஞ்சிடும் கௌரம்மா.”

“ஒடிஞ்சா வேற வெக்கறேன். எத்ரீ, எத்ரீ! தூக்குங்க!”

தம் மகன்களையும் கூப்பிட்டு, தாமும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஒரு பக்கம் பிடித்தார். தமிழ்க்காரர், கன்னடக்காரர் என்று சந்தே சேர்ந்து அந்தக் காரைத் தூக்கிச் சுவரைத் தாண்டிச் சாலையில் வைத்தது. அக்கா கௌரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். செடிகள் எல்லாமே ஒடிந்துபோயிருந்தன.

ஊருக்கு வெளியே ஒரு பழைய விமான ஓடுதளத்தில் ஒவ்வொரு காராக ஓடவிட்டு நேரம் குறிக்கும் பந்தயம் நடப்பதைக் கேள்விப்பட்டு, மினி லாரியில் ஏற்றிக்கொண்டு போனோம். பெயர் எழுதிக்கொண்ட இளைஞர் மாமாவைப் பார்த்து, “டிரைவர் நீங்கதானே?” என்றார். அக்கா தலைக்கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “நான்தான்ப்பா” என்றார்.

முதல் ஓட்டத்தில் பிரேக் பிடித்ததும் கார் வால் சுற்றி, வந்த திசையைப் பார்த்து நின்றது. மாமா ஓடினார், நானும் ஓடினேன். அக்கா உள்ளே உட்கார்ந்தபடியே சொன்னார்: “பின்னாடி கனம் பத்தல. ரொம்பக் கொறச்சுட்டேன்.” முன்னால் இருந்த பேட்டரியைப் பின்பக்கம் மாற்றினால் சரியாகும் என்றார். அதற்கு நீளமான கேபிள் வேண்டும். அடுத்து ஓடவிருந்த போட்டியாளர் ஒருவர் தம் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அங்கேயே மண்ணில் முட்டிபோட்டு மாற்றினார் அக்கா.

இரண்டாம் ஓட்டத்தில் கார் கோடு போட்டதுபோல் போனது. சின்ன எஞ்சின் பிரிவில் இரண்டாம் இடம். கோப்பையை விட, அந்தக் காரைச் சுற்றி நின்று இளைஞர்கள், “இதை யார் கட்டினாங்க?” என்று கேட்டதும், மாமா முந்திக்கொண்டு, “என் வீட்டுக்காரி!” என்று சொன்னதும்தான் அக்காவுக்குப் பரிசு. அதன் பிறகு உடம்பு இடம் கொடுத்தவரை எல்லா ஆண்டும் அவர் ஓட்டினார். மறுபடி கடையும் வைத்தார், அதே தெருவில்.

புற்றுநோய் என்று தெரிந்த பிறகும் அக்கா கொட்டகைக்குப் போவதை நிறுத்தவில்லை. ஓட்டுநர் சீட் அவருடைய சிறிய உடம்புக்கு அளவெடுத்துச் செய்தது. மாமாவால் அதில் உட்காரவே முடியாது. கடைசி மாதங்களில் அதைப் பிரித்து, அகலப்படுத்தி, மாமாவின் அளவுக்குத் தைத்து முடித்தார். “நின்னு போனா வண்டி கெட்டுப்போயிடும். நீங்க ஓட்டுங்க” என்று மட்டும் சொன்னார். எங்கள் எல்லோரையும் அடையாளம் கண்டு பேசிக்கொண்டிருந்த நிலையிலேயே அவர் உயிர் பிரிந்தது.

மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த உறவினர்களுக்கும், ரத்தம் கொடுத்த மாமாவின் பணிமனை நண்பர்களுக்கும், இறுதி ஊர்வலத்தில் அக்காவைத் தோள் கொடுத்துச் சுமந்த பாய்க்கும், அந்தப் பதினாறு நாளும் எங்கள் வீட்டில் அடுப்பு எரியவிடாமல் எல்லோருக்கும் சாப்பாடு போட்ட கௌரம்மாவுக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது.

இந்த ஆண்டுப் பந்தயத்தில் மாமா ஓட்டினார். வாழ்நாளெல்லாம் பேருந்து ஓட்டியவர். காரை வளைவில் திருப்பும்போது பேருந்துபோலவே திருப்பினார். கடைசி இடம்தான் வந்தார். இறங்கித் தலைக்கவசத்தைக் கழற்றியபோது முகம் முழுக்க வியர்வை, கண்ணெல்லாம் நீர், ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

“பொம்மைக் காருன்னு நெனச்சேன்ம்மா இத்தனை வருஷமா,” என்றார் என்னிடம். “புலி! இதையா அவ ஓட்டிக்கிட்டிருந்தா?”