செட் ஆயிரும் என்று சொன்ன கிளட்ச்

புதுக் கிளட்ச் போட்ட வண்டி மூன்றாம் நாளே திரும்பி வந்தால் எந்த மெக்கானிக்குக்கும் முகம் சுண்டும். கோவில்பட்டியில் நான் ஷெட் வைத்திருந்த காலத்தில் அப்படிப் பல வண்டிகள் வந்திருக்கின்றன. பெரும்பாலும் கேபிளை இரண்டு சுற்று இறுக்கினால் சரியாகிவிடும். இடைசெவல் ராமசாமி அண்ணாச்சியின் வெள்ளைக் கார் அப்படிச் சரியாகவில்லை. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அதை எழுதுகிறேன்.

அண்ணாச்சிக்கு அப்போது அறுபது வயதிருக்கும். பருத்தியும் உளுந்தும் போடுகிற சம்சாரி. பத்து வருடமாக அந்தக் காரை அவர் ஒருவர்தான் ஓட்டினார். அதில் சின்ன மாற்றம் என்றாலும் அவருக்குத் தெரிந்துவிடும்.

"இன்ஜின் ஓடையில ரிவர்ஸ் போட்டா கறகறன்னு கடிக்குது தம்பி. ஃபர்ஸ்ட் கியரும் லேசுல விழமாட்டேங்குது. கிளட்ச்ச முழுசா மிதிச்சாலும் வண்டி மெல்ல நகரப் பாக்குது" என்றார்.

இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பார்த்தேன். எல்லாக் கியரும் சுலபமாக விழுந்தன. அப்படியென்றால் கியர்பாக்ஸிலும் லீவரிலும் கோளாறு இல்லை. கிளட்ச்தான் முழுசாக விடவில்லை என்று அர்த்தம். பெடலை மிதித்த பிறகும் உள்ளே பிளேட் எங்கோ உரசி, இன்ஜினின் சுற்றைக் கியர்பாக்ஸுக்குக் கடத்திக்கொண்டிருக்கிறது. கேபிளை இறுக்கினேன். கடிப்பது கொஞ்சம் குறைந்தது, போகவில்லை.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். முன் சக்கரங்களை ஜாக்கியில் தூக்கி, ஃபர்ஸ்ட் கியரில் போட்டு, கிளட்சை முழுவதும் மிதித்தபடி இன்ஜினை ஓட்ட வேண்டும். சக்கரம் சுற்றினால் கியர்பாக்ஸை மறுபடி இறக்க வேண்டும். ஒரு நாள் வேலை. வாசலில் வேறு இரண்டு வண்டிகள் நின்றன. ஆனால் நான் தயங்கியதற்கு அவை காரணம் இல்லை.

கிளட்ச் மாற்றிய அன்று, என்னோடு வேலை பார்த்த செல்வம் லீவு. கியர்பாக்ஸைத் தனியாக ஏற்றினேன். ஷாஃப்ட் பிளேட்டுக்குள் நுழைந்த நேரம் ஜாக்கி சரிந்தது. கியர்பாக்ஸின் கனம் முழுவதும் கொஞ்ச நேரம் அந்தப் பிளேட்டின் மேல் தொங்கியது. பிளேட் கோணியிருக்கும் என்று அப்போதே தோன்றியது. கழற்றிப் பார்க்காமல் போல்ட்டை முடுக்கிவிட்டேன். இப்போது இறக்கினால் என் தப்பு வெளியே வந்துவிடும்.

"புதுப் பிளேட்டு அண்ணாச்சி. ஐநூறு கிலோமீட்டர் ஓடட்டும், செட் ஆயிரும்" என்றேன். நம்பி ஓட்டிக்கொண்டு போனார்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் கழுகுமலையில் கல்யாணம் என்று அண்ணாச்சியும் அவர் மனைவி கோமதி மதினியும் கிளம்பியிருக்கிறார்கள். மழையினால் நாலு நாளாக எடுக்காத வண்டி; ஈரத்தில் கிளட்ச் பிளேட் இன்னும் ஒட்டிப் பிடித்திருக்கும். ஹேண்ட்பிரேக் சரியாகப் பிடிக்காததால் ஃபர்ஸ்ட் கியரில் போட்டு நிறுத்துவது அண்ணாச்சியின் வழக்கம். மதினி வண்டிக்கு முன்னால் நின்று இரும்புக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். அண்ணாச்சி கிளட்சை மிதித்துச் சாவியைத் திருப்பினார். வண்டி முன்னால் பாய்ந்தது. அவர் கால் பிரேக்குக்குப் போவதற்குள், மதினியின் வலது கால் பம்பருக்கும் கேட் தூணுக்கும் நடுவே நசுங்கிவிட்டது. திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அண்ணாச்சி பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டார் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். கிளட்சைத்தான் மிதித்தேன் என்று அவர் சொன்னதற்கு, வயசாகிவிட்டது, இனி வண்டியைத் தொடக்கூடாது என்று மகனே சொல்லிவிட்டான். கொஞ்ச நாளில் அவரும் அதை நம்பத் தொடங்கிவிட்டார். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வராந்தா பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தார்.

"என் காலு எதுல இருந்துச்சுன்னு எனக்கே தெரியல தம்பி" என்றார்.

வாங்கிப்போன ஆரஞ்சுப் பழங்களை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, மதினியையும் பார்த்துவிட்டு வந்தேன். பிளேட்டைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் போனது. மகன் அந்தக் காரை விற்றுத் தரச்சொல்லி ஷெட்டில் விட்டுப் போனான். அன்றுதான் முன் சக்கரங்களைத் தூக்கினேன். கிளட்சை அடிவரை மிதித்திருந்தும் சக்கரங்கள் சுற்றின. நானும் செல்வமும் கியர்பாக்ஸை இறக்கினோம். பிளேட்டை ஷாஃப்டில் மாட்டிச் சுற்றிவிட்டபோது, வளைந்த சைக்கிள் ரிம் போல ஆடியது. ஏற்றிய அன்று என்ன நடந்தது என்று செல்வத்திடம் சொன்னேன். அவர் பிளேட்டைக் கீழே வைத்தார். பிறகு, நாம் சொல்லாவிட்டால் இது யாருக்கும் தெரியப் போவதில்லை என்றார். அது உண்மைதான். மூன்று நாள் அந்த உண்மையை வைத்துக்கொண்டு திரிந்தேன்.

நான்காம் நாள் பிளேட்டைச் சாக்கில் சுற்றிக்கொண்டு இடைசெவலுக்குப் பஸ் ஏறினேன். இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு, ஜாக்கி சரிந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணாச்சி அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் பிளேட்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்பம் நான் மிதிச்சது கிளட்ச்தான்" என்றார்.

கட்டிலில் உட்கார்ந்திருந்த மதினி அண்ணாச்சியைக் காட்டிப் பேசினார்.

"காலு போனது போவட்டும். ரெண்டு மாசமா இவிய மூஞ்சிய நான் ஏறெடுத்துப் பாக்கல. இவிய கையால ஒரு வாய் தண்ணி வாங்கிக் குடிக்கல. நீங்க ஆஸ்பத்திரிக்கு வந்து எங்கிட்ட நின்னுட்டுத்தான போனீங்க? அன்னைக்குச் சொல்லியிருந்தா என்ன?"

மகன் என் மேல் புகார் கொடுத்தான். ஸ்டேஷனிலும் இதையே சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். மதினி அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

கிளட்ச் மாற்றிய பிறகு கியர் விழவில்லை என்று ஒருவர் வந்தால், இன்ஜினை அணைத்துவிட்டுக் கியர் போட்டுப் பாருங்கள். அப்போது சுலபமாக விழுந்தால் கேபிளைப் பாருங்கள். அதிலும் தீரவில்லையா, சக்கரத்தைத் தூக்கிப் பாருங்கள். கியர்பாக்ஸை ஒருபோதும் தனியாக ஏற்றாதீர்கள். பிளேட்டின் மேல் கனம் தொங்கிவிட்டால் அந்தப் பிளேட்டை மாற்றாமல் வண்டியை வெளியே விடாதீர்கள். இத்தனையும் அன்றைக்கே எனக்குத் தெரியும். மதினியின் கால் போனது வேலை தெரியாததால் இல்லை.