முந்தியில் வந்த அக்காள்

என் அக்காள் தையல்நாயகியின் வீட்டுக்காரர் வரதராஜன், காஞ்சிபுரத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போடுகிறவர். கட்டம் போட்ட பெரிய தாளில் ஒவ்வொரு கட்டமாகச் சிவப்பு மை வைத்து மயிலோ யாளியோ வரைந்து கொடுப்பார். அதைப் பார்த்து அப்துல் சத்தார் பாய் அட்டைகளில் துளை போடுவார். அந்த அட்டைகளை என்னைப் போன்ற நெசவுக்காரர்கள் தறிமேல் ஏற்றிவிட்டால், நெய்ய நெய்ய அதே மயில் ஜரிகையில் வந்து நிற்கும். மாமாவின் மயிலுக்கு எங்கள் நெசவுப் பேட்டையான பிள்ளையார்பாளையத்தில் நல்ல பெயர். ஆனால் மனிதர் வாயைத் திறக்க மாட்டார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அக்காளிடம் அவர் அன்பாக ஒரு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. அவர்மேல் எனக்கு அந்தக் கோபம் உண்டு.

எழுபத்தொன்றாம் வருஷம் ஏதோ வேலையாக மெட்ராசுக்குப் போனவர், அங்கே ஒரு நூலகத்தில் பிரெஞ்சுக்காரர்களின் ஓவியங்கள் அச்சிட்ட புத்தகத்தைப் பார்த்துவிட்டு வந்தார். அன்றைக்குத்தான் என்னிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினார்.

“வீட்டுக்குள்ள ஒரு பொம்பள துணி தச்சிக்கினு இருக்கறாபா. அவ்ளோதான் படம். அவ துணியில இருக்கற பூவும் செவுத்துல இருக்கற பூவும் ஒண்ணா கலந்து இருக்குது. இன்னொருத்தரு ஆயுசுக்கும் பொண்டாட்டியவே படமா போட்டுக்கினு இருந்தாராம்.”

“ஏன் மாமா, அந்த ஊர்ல சாமி படமே கெடையாதா?” என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. “அந்தப் பொம்பளைங்க ஒருத்தியும் நம்மள பாக்கலபா. அதுதான் அழகு” என்றார்.

அதன்பிறகு மதியச் சாப்பாடு முடிந்ததும், மயில் போடுவதுபோல உட்கார்ந்துகொண்டு, எதிரில் அரிசியில் கல் பொறுக்கும் அக்காளைக் கட்டம் கட்டமாக வரைய ஆரம்பித்தார். என்னிடம் மட்டும் காட்டினார்.

“அக்காளுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா போச்சுபா. போட்டோ ஸ்டூடியோவுல உக்கார்ற மாதிரி வெறச்சிக்குவா. அப்புறம் அவ எனக்குக் கெடைக்கமாட்டா.”

அந்தக் கடைசி வார்த்தையில் என் பழைய கோபம் பாதி போய்விட்டது.

ஆனால் கெட்டிக்காரர் ஒரு நாள் கோட்டை விட்டார். பாயிடம் அவசரமாகக் கொடுத்த தாள்கட்டுக்குள், முந்திக்கான மயிலுக்குப் பதில் அக்காள் போய்விட்டாள். கைப்பழக்கத்தில் அவளையும் முந்திக்குரிய அளவிலேயே வரைந்திருந்தார். பாயும் புது டிசைன் என்று நினைத்து அட்டை போட்டு என் தறிக்கு அனுப்பிவிட்டார்.

நானும் ஒன்றும் தெரியாமல் நெய்தேன். முதலில் ஒரு பாதம் வந்தது. அதன்மேல் இன்னொரு பாதத்தின் பெருவிரல். மயிலுக்கு ஏது பெருவிரல்? மடியில் முறம் வந்ததும் எனக்குக் கை ஓடவில்லை. உட்கார்ந்தால் ஒரு காலால் இன்னொரு காலைத் தேய்த்துக்கொண்டே இருப்பது என் அக்காள்தான்.

ஆள் அனுப்பினேன். மாமா ஓடி வந்தார். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

“ஊடை நூலப் பிரிச்சிடு அர்ஜுனா. அவ காதுக்குப் போவக்கூடாது” என்று கெஞ்சிவிட்டு, வீட்டில் இருந்த சரியான தாளை எடுத்துக்கொண்டு பாய் வீட்டுக்கு விரைந்தார்.

என் மனைவி தேவகியின் வாய்க்குப் பூட்டு கிடையாது. “அண்ணி, உங்கள சேலையில நெய்யறாரு” என்று குழாயடியிலேயே சொல்லிவிட்டாள். மாமா போன கொஞ்ச நேரத்தில் அக்காள் வந்து நின்றாள்.

தறி ஓரத்தில் குந்தி, ஜரிகைப் பாதத்தின்மேல் விரலை வைத்துப் பார்த்தாள்.

“நல்லாத்தான் போட்டுக்கிறாரு. பிரிச்சிடு. இன்னொருத்தி தோள்மேல நான் எதுக்கு?” என்றாள்.

“உனக்கு முன்னாடியே தெரியுமாக்கா?”

“மயில் போடறவரு எதுக்குடா நிமிந்து நிமிந்து என்னைப் பாக்கணும்? கல்லு எப்பவோ தீந்து போயிருக்கும். எழுந்தா அவரு கை நின்னுடும்னு அப்படியே உக்காந்துக்கினு இருப்பன்.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “எனக்குத் தெரியும்னு அவராண்ட சொல்லிடாத. வெக்கப்பட்டு விட்டுடுவாரு. அவரு வாயால ஒண்ணும் சொல்லமாட்டாரு அர்ஜுனா. இத ஒண்ணுதான் சொல்றாரு.”

பொழுது சாயும்வரை இழை இழையாகப் பிரித்தேன். சொந்த அக்காளைப் பிரித்தெடுப்பது லேசான காரியமா? எனக்கே கண் கலங்கியது.

பாய் அதுவரை துளை போட்டு முடித்த புது அட்டைகளோடு மாமா வந்தார். “அவ பாத்தாளா?”

“இல்ல மாமா.”

அவர் அப்படி நிம்மதியாக மூச்சு விட்டு நான் பார்த்ததில்லை.

மறுநாள் மதியம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். மாமா கட்டத்தாளின்மேல் குனிந்திருந்தார். அக்காள் ஜன்னல் வெளிச்சத்தில் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள். இருவருமே என்னைக் கவனிக்கவில்லை. எட்டிப் பார்த்தேன். முறத்தில் ஒரு கல்கூட இல்லை. அக்காள் பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.