போத்தலின் அடியில் ஒரு கீறல்

முதலாளி, விஷம் நிரப்பிய போத்தலை எங்களிடம் தந்தது நீங்கள்தான். பழியை என் பனங்கட்டிப் பாணியின் மேல் போட்டதும் நீங்கள்தான்.

அந்தப் பச்சைப் போத்தல் இப்போது என் வீட்டில் இருக்கிறது. பழைய சீலையில் சுற்றி, அரிசி வாளிக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். வாசல் படலையடியில் மோட்டார் சைக்கிள் நின்றாலே அந்த வாளிக்கு முன்னால் போய் நின்றுவிடுவேன். உங்கள் ஆட்கள் அதைத் தேடி வந்துவிட்டார்களோ என்றுதான் முதலில் நினைப்பேன்.

உங்கள் ஹோட்டல் குசினியில் நான் சமைத்தேன். மதுக்கூடத்தைப் பார்த்தவரை நாங்கள் எல்லோரும் பார் அண்ணை என்போம். மயிலிட்டிக்காரர், கொழும்பில் பெரிய ஹோட்டல்களில் வேலை செய்தவர். வெளிநாட்டுப் போத்தல் முடிந்தால் சாக்கில் போட்டுத் தானே உடைத்துவிடுவார். கள்ளச் சரக்கு நிரப்புகிறவர்களின் கையில் அது போகக்கூடாது என்பார். நீங்கள் வந்து, "வெறும் போத்தலுக்கும் ஆள் இருக்கு, உடைக்காதை" என்று சத்தம் போட்டீர்கள். அதன் பிறகு அவர் உடைக்கவில்லை. போத்தலின் அடிக் கண்ணாடியில் அரத்தால் சிலுவை போலச் சின்னக் கீறல் போட்டுவிட்டுத்தான் உங்கள் ஆட்களிடம் கொடுப்பார். அது எனக்கு மட்டும் தெரியும்.

லண்டனிலிருந்து வந்த குடும்பம் ஒன்று உங்கள் மண்டபத்தில் கலியாண மத்தியானச் சாப்பாடு ஒழுங்கு செய்தது. ஓல்ட் ஃபேஷன்ட் என்ற பழைய மதுக் கலவை வேண்டும், ஆனால் அதில் யாழ்ப்பாணத்து ருசி இருக்க வேண்டும் என்று கேட்டார்கள். விஸ்கி, சீனி, இரண்டு துளி கசப்புச் சாறு, தோடம்பழத் தோல், அவ்வளவுதான் அது. பார் அண்ணை முதல் நாள் பின்னேரம் குசினிக்கு வந்தார்.

"தங்கச்சி, இதை அமெரிக்க விஸ்கியிலைதான் செய்யிறவங்கள். அது காரம். ஐரிஷ் விஸ்கி சாது. எங்கடை பனங்கட்டியோடை சண்டை பிடிக்காது. மாப்பிளை அயர்லாந்து, பொம்பிளை யாழ்ப்பாணம். நீதான் பொம்பிளை வீடு."

"தேத்தண்ணிக்குக் கடிக்கிற பனங்கட்டியைக் குடிகாரனுக்குக் கட்டிக் குடுக்கிறியளே அண்ணை" என்றேன். சிரித்தார். நான் பனங்கட்டியைப் பாணியாகக் காய்ச்சி வடித்துக் கொடுத்தேன். நீங்கள் அனுப்பிய புதுப் போத்தலைத் திறந்தார். மூடியும் சீலும் சரியாகவே இருந்தன. அடியைத் திருப்பிப் பார்க்க அவருக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

ஒரு கிளாஸ் கலந்து குடித்தார். "கொஞ்சம் கரடாக் கிடக்கு. மாப்பிளைக்குச் சீதனம் காணாதாம், இன்னும் பாணி விடு." விட்டேன். இரண்டாவது, மூன்றாவது. அளவு சரிவரும் வரை ஒவ்வொன்றையும் குடித்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் என் பாணி கூடியது, அந்தக் கரடு குறைந்தது. ஐந்தாவதில், "இப்ப சரி" என்றார். அந்தக் கரடுதான் அவருக்கு எச்சரிக்கை. அதை இனிப்பால் மூடியது நான்.

மறுநாள் விருந்து தொடங்கும் நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"தங்கச்சி, ஏன் குசினிக்குள்ளை இவ்வளவு புகை?"

சமையல் முடிந்து நான் அடுப்பை அணைத்து நெடுநேரம் ஆகியிருந்தது. ஜன்னல் பக்கம் திரும்பி, திரும்பத் திரும்பக் கண்ணைக் கசக்கினார். பிறகு திடீரென்று நின்று, "அந்தப் போத்தலைத் தா" என்றார். அடியைப் பெருவிரலால் தடவினார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இது என்ரை கீறல்."

நாங்கள் வெறுமையாகக் கொடுத்த போத்தல் நிரம்பித் திரும்பி வந்திருந்தது. விருந்துக்கு வந்த மற்றப் போத்தல்களையும் தடவினார். இன்னும் இரண்டில் கீறல் இருந்தது. அவர் சொன்ன அளவில் உதவிப் பையன்கள் அவற்றிலிருந்து கலந்து ஊற்றிய கிளாஸ்கள் அதற்குள் மண்டபத்துக்குப் போய்விட்டன.

நான் ஓடினேன். மணமகனின் மாமனார் ஒரு கிளாஸைக் கையில் எடுத்துவிட்டார். அதைத் தட்டிவிட்டேன். மற்றக் கிளாஸ்கள் இருந்த தட்டத்தைக் கவிழ்த்தேன். அவருடைய வெள்ளை வேட்டியெல்லாம் நனைந்தது. "இவளுக்கு விசரோ!" என்று யாரோ கத்தினார்கள். நீங்கள் மைக்கைப் பிடித்து, "மன்னிக்கவேணும், எங்கடை சமையல்காரியின்ரை பாணி பழுதாப் போச்சு" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். சனமும் சிரித்தது. நான் முதல் நாள் திறந்த அந்தப் பச்சைப் போத்தலைச் சாப்பாட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு அரியாலையில் என் வீடு வரை நடந்தே போனேன். பஸ்ஸில் ஏறப் பயமாக இருந்தது.

பார் அண்ணைக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும்தான் தெரியும். அது விஷ ஸ்பிரிட், கண் நரம்பைத் தின்றுவிட்டது என்று டொக்டர் சொன்னார். குடிகாரன் என்று நீங்கள் ஊரெல்லாம் சொன்னீர்கள். அவருடைய மகள் உங்கள் ஹோட்டல் வரவேற்பு மேசையில் வேலை செய்ததால், வாயைத் திறக்காதே என்று அவர் என்னைக் கெஞ்சினார். போன மாதம் அவள் விலகிவிட்டாள். அதனால் எழுதுகிறேன். பயம் போய் எழுதவில்லை. அடுப்புப் புகை கண்ணில் பட்டால் இப்போதும் வெளியே ஓடி, வேலி தெரிகிறதா என்று பார்க்கிறேன்.

நேற்று உங்கள் வாசலில் புதுப் பலகை பார்த்தேன். "பனங்கட்டி ஐரிஷ், எங்கள் சிறப்பு" என்று எழுதியிருக்கிறது. அவர் கண்ணைக் கொடுத்துக் கண்டுபிடித்த அளவை விற்கிறீர்கள். எந்தப் போத்தலிலிருந்து ஊற்றுகிறீர்கள்?

அதே மண்டபத்துக்கு வாருங்கள். சனத்தைக் கூப்பிடுங்கள். அதே மைக்கைப் பிடியுங்கள். இந்தப் பச்சைப் போத்தலை நான் கொண்டு வருகிறேன், பார் அண்ணையையும் கூட்டி வருகிறேன். அவர் எல்லோர் முன்னாலும் அதன் அடியைத் தடவிக் காட்டட்டும். பிறகு சொல்லுங்கள் முதலாளி, பழுதாய்ப் போனது என் பாணியா?