மகள்மேல் போட்ட பெட்டிசம்

போன கிழமை இந்த வாராந்தரப் பத்தி வரவில்லை. எனக்குக் காய்ச்சல் என்று ஆசிரியர் ஒரு வரி போட்டிருந்தார். சிலர் ரெலிபோன் எடுத்து விசாரித்தீர்கள். நன்றி.

காய்ச்சல் எதுவும் இல்லை. பேனாவைத் தொடப் பயமாக இருந்தது. அவ்வளவுதான்.

இரண்டு மாதங்களுக்கு முன் நான் ஒரு கடிதம் எழுதினேன். அது என் மகள் அபிராமியின் சொலிசிற்றர் என்கிற வழக்கறிஞர் தொழிலை, அவள் தொடங்க முன்னரே முடித்துவைக்கப் பார்த்தது. எதிரிகள் யாரும் அவளுக்கு அப்படிச் செய்யவில்லை. பெற்ற தகப்பன் செய்தேன். பயம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

அடுத்த வருஷம் உள்ளூராட்சிக் கவுன்சில் தேர்தல். இந்த நாட்டில் ஒரு கட்சிக்காக யார் நிற்பது என்பதை மேலிடம் மட்டும் தீர்மானிப்பதில்லை. அந்த வட்டாரத்துக் கட்சிக் கிளையின் உறுப்பினர்கள் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். வாக்களித்து ஒருவரைத் தெரிவு செய்வார்கள். லண்டன் இல்ஃபோர்ட்டில் நாங்கள் இருக்கிற வட்டாரத்தில் ஓர் இடம் காலியானது. போட்டிக்கு வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் தமிழர்.

பெருமைப்பட்டோம்... ஒரு கிழமை.

ஒருவர் நடேசன். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தை நடத்துகிறவர். என் மனைவியும் மகளும் லண்டனுக்கு வந்து சேரும்வரை டூட்டிங்கில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர். மற்றவர் றெஜினா. மன்னாரைச் சேர்ந்த தாதி. தேவாலய மண்டபத்தில் அகதி விண்ணப்பக்காரருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறவர். சட்ட அலுவலகத்தில் பயிற்சி வேலை இல்லாத நாட்களில் அபிராமி அங்கே போய் உதவி செய்வாள்.

நான் நடேசன் பக்கம். மகள் றெஜினா பக்கம். முதலில் அது சாப்பாட்டு மேசைப் பகிடியாகத்தான் இருந்தது.

“உங்கட நடேசன் மாமா கவுன்சிலுக்குப் போய் என்ன செய்வார் அப்பா? எல்லாருக்கும் சொல்வதெழுதல் வைப்பாரே?”

“உன்ர றெஜினா அன்ரி மட்டும்? வாய் காட்டுற ஆக்களுக்கு ஊசி போடுவாவோ?”

“ரெண்டு பேரும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கோ,” என்பாள் மனைவி. “புட்டு ஆறுது.”

பிறகு பகிடி புளித்துப்போனது. எங்கள் பக்கத்தில் ஒருவர், “அவ எங்கட பகுதி ஆளே?” என்று கேட்டார். என்ன பகுதி? எல்லோரும் ஒரே விமானத்தில் வந்து இறங்கியவர்கள்தானே? அவர்கள் பக்கத்தில் நடேசனுக்குக் ‘குட்டி ராசா’ என்று பெயர் வைத்தார்கள். மரக்கறிக் கடையில் ஒருவரையொருவர் கண்டால் வெண்டைக்காயைக் கூர்ந்து ஆராய்ந்தார்கள். இரண்டு குடும்பங்கள் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தால் நிறுத்தின.

ஒரே பக்கம் என்று துப்பாக்கி ஏந்திப் புறப்பட்ட இயக்கக்காரர் பிறகு ஊரில் தங்களுக்குள் என்ன செய்துகொண்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் எழுதத் தேவையில்லை. அதைப் பார்த்து நடுங்கித்தான் நான் நாட்டை விட்டு வந்து, பிள்ளையையும் கூப்பிட்டேன். இங்கே நானே அதற்குள் இறங்கிவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. இங்கே துவக்கு இல்லையே, வெறும் கடுதாசிதானே என்று நினைத்திருந்தேன்.

ஒருநாள் பின்னேரம் நடேசன் கிளை உறுப்பினர் பட்டியலோடு வீட்டுக்கு வந்தார். ஒரு பக்கத்தில் சிவப்புப் பேனாவால் கோடு.

“இதைப் பாரும். ஒரே விலாசத்தில பதினொரு பேர். மூண்டு அறை வீடு. எல்லாம் றெஜினாவின்ர ஆக்கள்.”

“இருக்கலாம் தானே, நடேசன். நாங்களும் டூட்டிங்கில...”

“நாங்க அஞ்சு பேர். பதினொரு பேர் இல்லை. நீர் கச்சேரியில இருந்த மனுசன். ஒருக்கா விசாரிச்சு ஒண்டு எழுதிப்போடுமன்.”

ஓம், நான் யாழ்ப்பாணக் கச்சேரியில், மாவட்ட அரச செயலகத்தில், கிளாக்கராக இருந்தவன். காலைத் தபாலில் வரும் பெட்டிசங்களை, முறைப்பாட்டுக் கடிதங்களை, பிரிப்பது என் வேலை. பக்கத்து வளவு வேலி, பள்ளிக்கூட மாற்றம், கூப்பன் கடைப் பங்கீடு... எதற்கும் பெட்டிசம். ஒன்றிலும் பெயர் இராது. அடியில் ‘உண்மை விரும்பி’ என்றிருக்கும். இல்லாவிட்டால் ‘பாதிக்கப்பட்ட பொதுமக்கள்’. அந்தப் பொதுமக்கள் ஒரே ஓர் ஆள்தான் என்பது கையெழுத்தைப் பார்த்தவுடன் எங்களுக்குத் தெரியும். சிரித்துக்கொண்டே ஃபைல் கோவையில் போடுவோம். ஆனால் விசாரணை நடக்கும். எவருடைய வேலையோ மாற்றமோ அதிலே அடிபட்டுப் போகும். அதையும் பார்த்திருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை கழுத்துப்பட்டி கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவனுக்கு முப்பது வயது இருக்கும். சங்கிலியை எடுக்காமல் இடைவெளியால் பார்த்தான்.

“நீங்க குரோய்டனே அண்ணை?”

குரோய்டன் விசா அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டான்.

“இல்லைத் தம்பி. கட்சி விசயமா. இந்தப் பேர் ஆக்கள் இருக்கினமே?”

பட்டியலைப் பார்த்தான். முகம் கொஞ்சம் இளகியது. “இப்ப இல்லை அண்ணை. எல்லாரும் வீடு மாறிப் போட்டினம். நான் வந்து ரெண்டு கிழமைதான்.”

வீட்டுக்கு வந்து மின்சாரத் தட்டச்சு இயந்திரத்தின் முன் இருந்தேன். நல்ல ஆங்கிலம். பந்திக்கு இலக்கம். அந்தப் பதினொரு பேரும் அந்த விலாசத்தில் ஒருபோதும் வசித்ததில்லை என்று எழுதினேன். தெரிந்துகொண்டே யாரோ பொய் விலாசம் கொடுத்து அவர்களைச் சேர்த்திருக்கிறார்கள், இது மோசடி என்றும் எழுதினேன்.

கவனித்தீர்களா? அவன் சொன்னது, இப்போது இல்லை என்று. நான் எழுதியது, ஒருபோதும் இல்லை என்று.

அடியில் ‘கவலையுற்ற உறுப்பினர்கள்’ என்று போட்டு, கட்சியின் பிராந்திய அலுவலகத்துக்கு அனுப்பினேன். கவலையுற்றவன் நான் ஒருவன்தான்.

மூன்று கிழமைகள் கழித்து அபிராமி வேலையால் வந்து கோட்டைக் கழற்றாமலே என் அறைக்குள் வந்தாள். கையில் கட்சியின் பிராந்திய அலுவலகக் கடிதம். அந்தப் பதினொரு படிவங்களிலும் ‘அறிமுகம் செய்தவர்’ என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து இருந்ததாம்.

எனக்கு வழங்கிய பட்டியலில் பெயரும் விலாசமும் மட்டுமே இருந்தன. படிவங்களை நான் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

“அவை எல்லாரும் அங்கதான் அப்பா இருந்தவை. நான் போய்ப் பாத்துத்தான் சைன் வைச்சனான். பிறகு வீட்டுக்காரன் எழுப்பிப்போட்டான். ஆளுக்கொரு பக்கமாப் போட்டினம்.” அவள் கதிரையில் இருந்தாள். “யாரோ பெட்டிசம் போட்டிருக்கினம். விளக்கம் சரியில்லையெண்டா பொலிசுக்குக் குடுப்பினமாம். பொலிசுக்குப் போனா நான் வேலையில சொல்லவேணும். நேர்மையில்லாதவள் எண்டு ஒருக்கா எழுதினாப் பிறகு என்னை எவன் சொலிசிற்றரா எடுப்பான்?”

கையிலிருந்த கடிதத்தை என் மேசையில் வைத்தாள்.

“நீங்கதான் அப்பா இப்பிடிக் கடிதங்கள் எழுதத் தெரிஞ்ச ஆள். எனக்கு ஒரு பதில் எழுதித் தாங்கோ.”

எழுதிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது? அதே இயந்திரத்தில், பந்திக்கு இலக்கம் போட்டு, என் கடிதத்தின் ஒவ்வொரு வரியையும் நானே உடைத்தேன். எந்த வரியில் பொய் இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கவில்லையே. நன்றாக வந்திருந்தது. அவள் வாசித்துவிட்டு என் தோளில் கையை வைத்து, “தாங்ஸ் அப்பா,” என்றாள்.

அந்தக் கை இருந்த இடம் இன்னும் எரிகிறது.

நடேசனுக்குப் போன் எடுத்தேன். “நான் எழுதினனான் எண்டு சொல்லப்போறன்,” என்றேன்.

“உமக்கென்ன விசரே? நீர் என்ர ஆள் எண்டு எல்லாருக்கும் தெரியும். என்ர பேர்தான் நாறும். விசாரணையில பிள்ளை விளக்கம் சொல்லட்டும், விட்டுடுவினம். பெட்டிசம் இல்லாத எலெக்சன் எங்க கண்டனீர்?”

“பொலிசுக்குக் குடுத்தா?”

“குடுக்க மாட்டினம். கொஞ்சம் பொறும்.”

பொறுத்தேன். இதைத்தான் எழுத முடியாமல் போன கிழமை முழுக்க இருந்தேன். விசாரணைக்கு எட்டு நாள் இருந்தது. எட்டு நாளும் பொறுத்தேன். விட்டுவிடுவார்கள், எல்லாம் தானாக அடங்கும், நடேசனும் வெல்லுவார், மகளும் தப்புவாள், எனக்கும் ஒன்றும் வராது... இப்படியெல்லாம் ஒரு தகப்பன் யோசிப்பானா? யோசித்தேன். அவள் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைத் தள்ளுவதைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

“பிள்ளை குளிக்கிற அறைக்குள்ள நிண்டு அழுகுது,” என்றாள் மனைவி. “நீங்க பேப்பரைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறியள்.”

பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தேன் என்று எழுதினால் நம்பமாட்டீர்கள். நேராகத்தான் பிடித்திருந்தேன். ஒரு எழுத்தும் தெரியவில்லை.

விசாரணை ஒரு புதன்கிழமை பின்னேரம், நூலகத்தின் மாடி அறையில் நடந்தது. கிளை உறுப்பினர்கள் பதினைந்து பேர்வரை வந்திருந்தார்கள். பிராந்திய அலுவலகத்திலிருந்து வந்த வெள்ளைக்காரப் பெண்மணி மரியாதையாகவே பேசினார். கடிதத்தில் பெயர் இல்லை, ஆனால் வீட்டுக்குப் போய் விசாரித்ததாக எழுதியிருக்கிறது. அபிராமியின் விளக்கம் ஒன்று சொல்கிறது, கடிதம் வேறொன்று சொல்கிறது. எது உண்மை என்று தம்மால் தீர்மானிக்க முடியவில்லை என்றார். ஆகவே பொலிசுக்கு அனுப்புவதைத் தவிர...

எழும்பினேன். பக்கத்தில் இருந்த நடேசன் என் கோட்டுக் கையைப் பிடித்தார். “இரும்,” என்றார் பல்லுக்குள்ளால்.

இருக்கவில்லை. அந்தக் கடிதத்தை எழுதியது நான் என்றேன். கதவைத் திறந்தவன் சொன்னது இது, நான் எழுதியது இது என்று பிரித்துச் சொன்னேன். ஏன் அப்படி எழுதினீர்கள் என்று பெண்மணி கேட்டார். எங்கள் ஆள் வெல்ல வேண்டும் என்று விரும்பினேன் என்றேன். அதைவிட நல்ல காரணம் ஒன்றும் என்னிடம் இருக்கவில்லை.

அபிராமி என்னைப் பார்க்கவில்லை. மேசையில் பக்கம் பக்கமாக வைத்திருந்த இரண்டு கடிதங்களையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பஸ் தரிப்பில் அவளோடு போய் நின்றேன்.

“ரெண்டையும் நீங்களே எழுதினீங்கள்?”

“ஓம் பிள்ளை.”

“எனக்குப் பதில் எழுதித் தரேக்க தெரியுமே?”

“ஓம்.”

“எழுதினது பிழை. சரி, அது நான் எண்டு தெரியாமல் எழுதினீங்கள்.” அவள் ரோட்டைப் பார்த்தபடி சொன்னாள். “அந்த எட்டு நாள் அப்பா? அந்த எட்டு நாளும் என்னோட இருந்து சாப்பிட்டீங்கள்.”

பஸ் வந்தது. அவள் மேல்தட்டுக்கு ஏறினாள். நான் கீழே இருந்தேன்.

இரண்டு நாளில் அவளுக்குக் கடிதம் வந்தது. மேல் நடவடிக்கை எதுவும் இல்லை, பொலிசும் இல்லை. தொழில் தப்பியது. ஆனால் அந்தப் பதினொரு பேரும் புது விலாசங்களுக்கு அத்தாட்சி காட்ட வேண்டும் என்றது கிளை. கடை மேல்மாடியிலும் கூட்டாளியின் தரையிலும் படுக்கிறவனுக்கு என்ன அத்தாட்சி? நாள் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை நடந்த தெரிவில் அவர்களுக்கு வாக்கு இல்லை.

நடேசன் நாலு வாக்கால் வென்றார்.

நான் மீளப் பெற்ற பெட்டிசம், தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது. கடிதத்தைத் திருப்பி எடுக்கலாம். அது போய்த் தொட்ட இடங்களை எப்படித் திருப்பி எடுப்பது? வென்ற அன்று நடேசன் போன் எடுத்தார். “நாங்க வெண்டிட்டம்!” என்றார். அந்த ‘நாங்க’வுக்குள் நானும் இருக்கிறேன் என்பதை என்னால் மறுக்க முடியவில்லை.

நேற்றுக் காலை வாசலில் றெஜினாவின் கார் வந்து நின்றது. அபிராமி சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் பக்கத்தில் ஒரு கட்டு நோட்டீஸ். மேலே நடேசனின் படம்.

“இது... நடேசன் மாமான்ர நோட்டீசல்லோ?”

“ஓம்.”

“நீ ஏன் பிள்ளை?”

“நாங்க தோத்திட்டம் அப்பா. இனி அவர்தான் எங்கட ஆள். தோத்த ஆக்கள் வெளிக்கிட்டு வேலை செய்யேல்லையெண்டா, பிறகு எதுக்கு ஒரு கட்சி?” சர்வசாதாரணமாகச் சொன்னாள். நாங்கள் ஊரில் ஒருவருக்கொருவர் சொல்லத் தெரியாமற்போன வசனம் அது.

“நானும் வரட்டே?”

கொஞ்சம் யோசித்தாள். “இண்டைக்கு வேண்டாம்.”

கதவை அடித்துச் சாத்தவில்லை. மெதுவாகத்தான் சாத்திவிட்டுப் போனாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்து வீடுகளில் றெஜினா, இந்தப் பக்கத்து வீடுகளில் என் மகள். ஒவ்வொரு கதவாகத் தட்டி, தங்களைத் தோற்கடித்தவருக்காக வாக்குக் கேட்டுக்கொண்டு போனார்கள்.

வென்ற பக்கத்து ஆள் நான். வீட்டில் இருந்தேன்.