உப்புக்குப் படியாத கிருமி

மீன் வயிற்றைக் கீறிக் குடலை எடுத்து எறிகிற கையோடுதான் ஹயாத்து முகம்மது நானா விஞ்ஞானம் பேசுவார். கற்பிட்டிக் கடற்கரையில் அவர் மீன் காயப்போடுகிற வாடிக்கு நான் போவது கட்டாக் கருவாடு வாங்க. "கேட்டீங்களா மாஸ்டர், தூரத்துல இன்னொரு சூரியனுக்கும் ஒரு கிரகம் இரிக்காம். நாலு நாளையில ஒரு சுத்து. அங்க நாலு நாள்தான் ஒரு வருசம்" என்றார் ஒருநாள்.

வள்ளத்திலிருந்து கூடை இறக்கிக்கொண்டிருந்த பஸ்தியான், "அப்ப எங்கட நத்தார்ப் பெருநாளுக்கு உடுப்புத் தைக்க எங்க நானா நேரம்?" என்றான். நானா சிரிக்கவில்லை. விஞ்ஞானத்தில் பகிடி அவருக்குப் பிடிக்காது.

ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்ட மனுசன். கருவாடு சுற்ற வருகிற பழைய பேப்பரை வாசித்து முடித்த பிறகுதான் சுற்றித் தருவார்; வாங்க வந்தவர் வெயிலில் காய வேண்டியதுதான். நானும் காய்ந்து, கோபித்து, பிறகு திரும்பவும் அவரிடமே போயிருக்கிறேன். கடலுக்குப் போகக் கடற்படை பாஸ் கொடுக்காமல் வள்ளங்கள் கரையில் கிடக்கிற நாட்களில் வாடியில் ஆட்கள் கூடுவார்கள். அன்று நானாவைப் பிடிக்க முடியாது.

அவருடைய தங்கச்சி கமறியா மன்னார் எருக்கலம்பிட்டியில் வாழ்க்கைப்பட்டவள். தொண்ணூறில், சண்டைக் காலத்தில், இயக்கம் அங்கிருந்து முஸ்லிம்களைத் துரத்தியபோது பிள்ளைகளோடு வள்ளத்தில் வந்து இங்கே இறங்கினாள். அடுத்த வருடமே வயிற்றில் புண். ஆறு வருடமாகப் பால்கஞ்சிதான். யோசனைதான் அவள் வயிற்றைத் தின்கிறது என்று ஊரே முடிவுகட்டிவிட்டது. அவள் மன்னார்க் கதையை எடுத்தால் போதும், "யோசியாத புள்ள" என்று நானா அடக்கிவிடுவார். ஒருமுறை இரத்தமாக வாந்தி எடுத்த பிறகு அந்த வீட்டில் மன்னார் என்ற பேச்சே இல்லை.

போன மாசியில் ஒரு பேப்பர்த் துண்டில் நானா அதை வாசித்தார். வயிற்றுப் புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் யோசனையும் உறைப்பும் அல்ல, ஒரு கிருமி. வயிற்று அமிலத்துக்குள்ளேயே அது குடியிருக்கிறது. யாரும் நம்பாததால் அவுஸ்திரேலியாவில் ஒரு டொக்டர் அந்தக் கிருமியைத் தானே குடித்து, வயிற்றைக் கெடுத்து, மருந்தெடுத்துச் சுகப்பட்டிருக்கிறார்.

உடனே டொக்டரிடம் ஓட வேண்டியதுதானே? இல்லை. முப்பது வருடமாக மீனுக்கு உப்புப் போட்ட கை அது. "உப்புக்கு முன்னால எந்தக் கிருமி நிக்கும்?" என்று மூன்று நாள் வெறும் வயிற்றில் தங்கச்சிக்கு உப்புத் தண்ணீர் கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் சுருண்டு விழுந்தாள். மறுபடியும் இரத்தம்.

புத்தளம் ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். என்ன கொடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டார். நானா பேப்பர்த் துண்டை நீட்டி, "இதில உள்ளது சரி சேர். உப்புக் குடுத்தது நான். அது என்ட பிழை" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அவரை நிரம்பப் பிடித்தது.

"பேப்பர் சரிதான். உப்பு செத்த மீனுக்குத்தான் நல்லம். உசிருள்ள வயித்தை அது இன்னும் புண்ணாக்கும்" என்றார் டொக்டர். சோதித்தார்கள்; கிருமி இருந்தது. இரண்டு கிழமைக்குக் குளிசை கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து ஒரு பகல் அவர்கள் வீட்டில் சாப்பிட்டேன். கமறியாவும் எங்களோடு இருந்து மீன் குழம்பு விட்டுச் சாப்பிட்டாள். உறைப்பில் கண் கலங்கியது. திடீரென்று, "நானா, மன்னார்ல இருந்து வெளிக்கிட்ட அண்டைக்கு ஆட்டை அவுத்து உட்டனா இல்லையா எண்டு எனக்கு இன்னமும் ஞாவகம் வருதில்ல" என்றாள். சொல்லிவிட்டு, பயந்து அவர் முகத்தைப் பார்த்தாள்.

"சொல்லு புள்ள. யோசிக்கிறதால புண் வராது" என்றார் நானா.

அவள் சொல்லத் தொடங்கினாள். ஆட்டைக் கட்டிய மரத்திலிருந்து கரைக்கு நடந்தது வரைக்கும், ஆறு வருடமாகச் சொல்லவிடாமல் அடக்கிவைத்த கதை. நானா சாப்பிட்டு முடித்து வெகுநேரமாகியிருந்தது. விரல்களில் சோறு காய்ந்து ஒட்டிக்கிடக்க, கை கழுவ எழும்பாமல் இருந்தார்.